விழுந்தால் உடன எழும்பாதேங்கோ

09.11.2024

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "அம்மா போன செவ்வாய் மழைக்குள்ள ஏ9 றோட்டில ஒரு பெரிய பலசரக்குக் கடைக்குப் போய் வாசல் ரைல்ஸில வழுக்கி விழுந்திட்டா. இடுப்பெலும்பில வெடிப்பு. இப்ப படுக்கையில. கடைக்காரர் 'மழைக்கு நாங்கள் என்ன செய்யிறது' எண்டுறார். கனடாவில எண்டால் அள்ளலாமாம், இலங்கையில உதுக்குச் சட்டமே இல்லையாம், மச்சான் சொல்லுறார். உண்மையோ?"

09.11.2024, இரவு

மச்சான் சொன்னது பிழை. சட்டம் இருக்கு, அதுவும் கனடாவை விடக் கிழட்டுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தில அக்குவிலியா வழக்கு எண்டு ஒண்டு. கிறிஸ்துவுக்கு முன் மூண்டாம் நூற்றாண்டில உரோமாபுரியில மற்றவன்ர அடிமையையோ மாட்டையோ கொண்டவனிட்ட நட்டஈடு வாங்கிறதுக்கு வந்த சட்டம் அது. மாட்டுப் பிரச்சினை எண்டால் வன்னியில விளங்கப்படுத்தத் தேவையில்லை. இண்டைக்கு மாட்டின்ர இடத்தில உங்கட அம்மாவின்ர இடுப்பு.

ஆனால் விழுந்தது மட்டும் காணாது. கடைக்காரர் செய்ய வேண்டியதைச் செய்யேல்லை, அதாலதான் விழுந்தா, அதால இவ்வளவு நட்டம், இந்த மூண்டையும் நீங்கள்தான் காட்டவேணும். விழுந்த நாளில இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு வைக்கவேணும். வெள்ளைக்காரன் 1871இல போட்ட கட்டளைச்சட்டம் அது, இண்டைக்கும் அதுதான்.

நான் சட்டத்தரணி இல்லை. ரைல்ஸ் பதிக்கிறவன். மாமி ஒராள் இப்பிடி விழுந்து, அவவின்ர பையைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் திரிஞ்சதில படிச்சதுகள் இது.

10.11.2024, காலமை

அவசரமானதை ராத்திரி எழுதாமல் விட்டிட்டன். இண்டைக்கே செய்யுங்கோ. கடையில கமெரா இருந்தால் அந்தப் பெட்டி கொஞ்ச நாளில தன்ரபாட்டில பழசுக்கு மேல புதுசை எழுதிப்போடும். எத்தினை நாள் எண்டது உள்ள கிடக்கிற டிஸ்கைப் பொறுத்தது. வாயால கேட்டால் "பாப்பம்" எண்டுவினம். திகதி, நேரம் போட்டு, அழிக்க வேண்டாம் எண்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில போட்டு, துண்டைக் கவனமா வையுங்கோ. அந்தப் பதிவைக் கோட்டில காட்டுறதுக்கு 1995இல ஒரு சாட்சியச் சட்டம் வந்திருக்கு, அதின்ர நடைமுறையைச் சட்டத்தரணி பாப்பார்.

மற்றது செருப்பு. அம்மா போட்டிருந்த சோடியைக் கழுவாமல், எறியாமல் ஒரு பையில கட்டி வையுங்கோ. கடைப்பக்கம் முதல் கேள்வியே "செருப்பு தேஞ்சிருந்ததோ?" எண்டதாத்தான் இருக்கும்.

பில்லு இருக்கோ? இல்லையெண்டால் அங்க நிண்ட ரெண்டு பேரின்ர பேர், போன் நம்பர்.

10.11.2024, பின்னேரம்

1977 எண்ட போன் நம்பருக்கு அடிச்சால் என்ன எண்டு கேட்டிருக்கிறியள். அது நுகர்வோர் அதிகார சபை. அரிசி கட்டுப்பாட்டு விலைக்கு மேல வித்தால், காலாவதியான பால்மா தந்தால், பில்லு கேட்டும் தராட்டி, அதுக்கு. முறிஞ்ச எலும்புக்கு அவை நட்டஈடு எடுத்துத் தரமாட்டினம்.

தேசவழமையில, எங்கட வடக்குத் தமிழரின்ர வழமைச்சட்டத்தில, ஏதும் இருக்கோ எண்டும் ஒருவர் கேட்டவர். இல்லை அண்ணை, அது காணி, சீதனம், முதுசம். வழுக்கி விழுறதைப் பற்றி எங்கட முப்பாட்டன்மார் ஒண்டும் சொல்லி வைக்கேல்லை. அவை மண்நிலத்தில நடந்தவை.

12.11.2024

மாமியின்ர கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறியள்.

2022 மார்கழி 8, வியாழக்கிழமை. அடுத்த நாள் விடிய வன்னியெல்லாம் குளிரில மாடுகள் செத்துக் கிடந்துதே, அந்தப் புயல்க்கிழமை. மாமி அப்பாவின்ர தங்கச்சி. இடியப்பம் அவிச்சு ரெண்டு தேத்தண்ணிக் கடைக்குக் குடுத்துச் சீவிக்கிறவ. அரிசிமா வாங்கப் போனவ. கடை வாசலில இருந்து ஏழெட்டு அடி உள்ள, ஐஸ்கிறீம் பெட்டிக்குக் கிட்ட, கால் முன்னுக்குப் போக வலக்கையை ஊண்டிக்கொண்டு விழுந்தவ. மணிக்கட்டு முறிஞ்சிட்டுது. கையை ஊண்டி விழுந்தால் வழமையா முறியிற இடமாம் அது. பார்த்த உடன தெரிஞ்சது, கை கவிட்டு வைச்ச முள்ளுக்கரண்டி மாதிரி வளைஞ்சு நிண்டது.

உடன அவ என்ன செய்தவ தெரியுமோ? எழும்பினா. சீலையை இழுத்து விட்டா. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" எண்டா. சிந்தின மாவை இடக்கையால கூட்டி அள்ளினா! கடைப்பெடியன் ஓடிவந்து ஒரு கதிரை குடுத்தவன். அதில இருக்கவும் வெக்கம். காசைக் குடுத்திட்டு வெளிய வந்து ஓட்டோவுக்குள்ள ஏறின பிறகுதான் அழுதவ.

ஆசுப்பத்திரியில "எப்பிடி விழுந்தனீங்கள்?" எண்டு கேட்க, "கிணத்தடியில" எண்டு சொல்லிப்போட்டா. டயக்னோசிஸ் கார்ட்டிலயும் அப்பிடித்தான் ஏறினது. வீட்டில, கிணத்தடியில. பிறகு சட்டத்தரணி அந்தக் கார்ட்டைப் பார்த்திட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சவர். அதுதான் பதில்.

எங்கட சனத்துக்கு விழுறது வெக்கம். பொம்பிளையளுக்கு இன்னும் வெக்கம். வழக்குத் தோக்கிறது கோட்டில இல்லை, அந்த முதல் ரெண்டு நிமிசத்தில. விழுந்தால் உடன எழும்பாதேங்கோ. இருந்தபடியே சுத்திப் பாருங்கோ, எதில வழுக்கினதெண்டு. பக்கத்தில நிக்கிற ஒராளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. ஆசுப்பத்திரியில கடையில விழுந்தது எண்டே சொல்லுங்கோ.

13.11.2024

உங்கட அம்மாவின்ர கார்ட்டில "கடையில" எண்டு இருக்கு எண்டு எழுதியிருக்கிறியள். அரைவாசிக் கிணறு தாண்டிட்டியள். (கிணறு எண்ட சொல்லே இப்ப எனக்கு ஒத்து வரேல்லை.)

15.11.2024

ரைல்ஸைப் பற்றி. இது என்ர பக்கம், கொஞ்சம் நீளும்.

பழைய சங்கக்கடை ஞாபகமோ? சீமெந்து நிலம், வாசலில சாக்கு, மூலையில மண்ணெண்ணைப் பீப்பா. நிலத்தில எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடக்கும், ஆனாலும் ஆரும் விழுந்து நான் பார்க்கேல்லை. சீமெந்து சொரசொரப்பு, நாங்களும் வெறுங்கால். சண்டை முடிஞ்சு ஏ9 நெடுக நெடுகக் கடை எழும்பேக்க எல்லாருக்கும் வேண்டியது பளபளப்பு. கொழும்புக் கடை மாதிரி முகம் தெரியவேணும். ரெண்டுக்கு ரெண்டு பொலிஷ் பண்ணின போர்சலின். காய்ஞ்சு கிடந்தால் பிரச்சினையில்லை. அதில எங்கட மாரிகாலக் களிமண் ஒட்டின செருப்போட ஒரு சொட்டுத் தண்ணி பட்டால் ஐஸ்கட்டி.

ரைல்ஸுக்கு வழுக்காத அளவு எண்டு ஒண்டு இருக்கு. ஜேர்மன்காரன் எண்ணெய் ஊத்தின சாய்வுத்தளத்தில ஆளை நடக்க விட்டு, எத்தினை பாகைச் சாய்வில தடுமாறுறார் எண்டு பார்த்துப் போடுற இலக்கம். ஆர்9 தொடக்கம் ஆர்13 மட்டும். ஆர்9 எண்டால் 6 பாகையில இருந்து 10 பாகைக்குள்ள. ஆர்11 எண்டால் 19இல இருந்து 27. பெட்டியின்ர பக்கத்தில சின்னதா அடிச்சிருக்கும், அடிக்காததும் வரும். இத்தினை வருசத்தில விலையும் நிறமும் கேக்காத முதலாளியை நான் காணேல்லை, அந்த இலக்கத்தைக் கேட்ட ஒருத்தரையும் காணேல்லை.

தங்கச்சி, உங்கட கடை வாசல் ரைல்ஸை ஒரு படம் எடுங்கோ, ஈரமா இருக்கேக்க, லைற் விழுற மாதிரி.

16.11.2024, விடிய 4 மணி

நித்திரை வரேல்லை. நேற்று எழுதினதில ஒரு பெரிய ஓட்டை.

மாமி விழுந்த நிலம் நான் பதிச்சது.

2017இல. முதலாளி எங்கட ஊராள், தூரத்துச் சொந்தமும். ரைல்ஸ் அவர்தான் தெரிஞ்செடுத்தவர். "அண்ணை வாசலுக்கு மட்டும் பளபளப்பில்லாத மற் ரைல்ஸ் போடுவம்" எண்டு ஒருக்கால் சொன்னனான். "நிறம் மாறித் துண்டு வைச்ச மாதிரி இருக்கும்" எண்டவர். ரெண்டாந்தரம் சொல்லேல்லை. கூலியை எண்டால் சரியா எண்ணி வாங்கினனான்.

முதல் நாளே சொல்லியிருக்க வேணும். இனி நான் எழுதுறதை அதையும் வைச்சுப் பாருங்கோ.

16.11.2024, மத்தியானம்

"அப்ப உங்களிலயும் வழக்குப் போடலாமோ?" எண்டு ஒருவர். சிரிப்புக்குறி வேற போட்டிருக்கிறார். போடலாம் ஐயா. 1968இல வந்த 12ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு இருக்கு. ரெண்டு பேரின்ர பிழையால ஒருத்தருக்குச் சேதம் வந்தால் ரெண்டு பேரும் கூட்டுத் தவறாளர். முதலாளியில வழக்கு வந்தால் அவர் என்னையும் இழுக்கலாம், பங்கைக் கோடு பிரிக்கும்.

அதே சட்டம்தான் விழுந்தவரின்ர பிழையையும் பார்க்கிறது. போனைப் பார்த்துக்கொண்டு நடந்தா, செருப்புத் தேஞ்சது எண்டால் அந்தளவு வீதத்தைக் கழிப்பினம். அதுக்கு முந்தி, விழுந்தவரில பிழை இருந்தால் முழுசையும் இழக்க வேண்டி வந்த காலம் இருந்தது. ஆகவே "உங்கட அம்மாவிலயும் பிழைதானே" எண்டு கடைக்காரர் சொன்னால் பயந்து விட்டிட்டு வராதேங்கோ. கணக்குக் குறையும், அவ்வளவுதான்.

19.11.2024

மட்டை. மழை பெய்தால் எங்கட கடைகளில பிஸ்கற் பெட்டியை விரிச்சு வாசலில போடுவினம். தங்கச்சியின்ர படத்திலயும் கிடக்கு. "மட்டை போட்டிருக்கிறார், கவனமாத்தானே இருந்திருக்கிறார், வழக்கு நிக்காது" எண்டு மேல ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் எனக்கும் அப்பிடித்தான் பட்டது.

இல்லை. மட்டை போட்டவருக்கு அந்த இடம் வழுக்கும் எண்டு தெரியும். "எனக்குத் தெரியாது" எண்டு அவர் இனிச் சொல்லேலாது. தெரிஞ்ச பிறகு செய்தது காணுமோ எண்டதுதான் மிச்சக் கேள்வி. ஈரப்பட்ட மட்டை பொலிஷ் ரைல்ஸில காலோட சேர்ந்து சறுக்கும், அது காப்பு இல்லை, இன்னொரு பொறி.

மாமி விழுந்த கடையில ஐஸ்கிறீம் பெட்டிக்குக் கீழயும் ஒரு மட்டை கிடந்தது. மழைக்கு இல்லை. பெட்டி ஒழுகினது. கனநாளா.

20.11.2024

கடையில "நிருவாகம் பொறுப்பல்ல" எண்டு பலகை தொங்கினால், அதுக்கு 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தை ஒருக்கால் சட்டத்தரணியிட்டக் காட்டுங்கோ. கவனயீனத்தால ஒராளின்ர உடம்புக்கு வந்த காயத்தை ஒரு பலகையால கழுவ விடாது அது. சைக்கிள் களவு போனதுக்கு வேற கணக்கு.

21.11.2024

என்னோட வேலைக்கு வாற ஒருவருக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. 2009. பொய்க்காலோட ஏணி ஏறுவார், சீமெந்துப் பை தூக்குவார், ஈர ரைல்ஸுக்குத்தான் பயம். மேல எழுதினதை வாசிச்சுக் காட்ட ஒரு கேள்வி கேட்டார்: "நான் விழுந்தால் 'உன்ர கால்தானே பிழை' எண்டு சொல்லுவாங்கள், என்ன?"

சட்டத்தரணியிட்டக் கேட்டன். பிழை செய்தவன் எதிர்ல நிக்கிற ஆளை அந்த ஆள் இருக்கிற நிலைமையிலயே ஏற்கவேணுமாம். முட்டைக்கோது மாதிரி மண்டை உள்ளவனுக்குத் தட்டினாலும் "வேற ஆளெண்டால் ஒண்டும் ஆகியிராது" எண்டு தப்பேலாது. உடம்புக்குள்ள செல்துண்டோட, பொய்க்காலோட இவ்வளவு சனம் நடமாடுற இடத்தில கடை திறக்கிறவருக்கு, அப்பிடியான ஆக்கள் வருவினம் எண்டு தெரியாமல் இருக்க வழியில்லை. இது என்ர கதை, சட்டத்தரணி இவ்வளவு சொல்லேல்லை.

23.11.2024

எவ்வளவு கேக்கலாம்? அவசரப்படாதேங்கோ. முதல் சிலவு: ஓட்டோ, மருந்து, வெளியில எடுத்த எக்ஸ்ரே. அரசாங்க ஆசுப்பத்திரி காசில்லாததால இந்தக் கணக்குச் சின்னனாத்தான் வரும். பிறகு உழைப்பு இழந்தது. பிறகு நோ, வேதனை. அதை உரோம-டச்சுச் சட்டம் தனியாப் பார்க்கும்.

உழைப்பை எப்பிடிக் காட்டுறது? மாமியிட்ட என்ன சம்பளப் பட்டியலோ? ஒரு நாளைக்கு 80 இடியப்பம். உரலைப் பிழியிறதுக்கு வேண்டிய பலம் முழுக்க மணிக்கட்டில. ஆறு கிழமை பிளாஸ்ரர், அதுக்குப் பிறகும் மூண்டு மாசம் திருகாணி மாதிரித் திருப்பேலாது. கடைசியில அவவின்ர வருமானத்துக்கு ஒரே சாட்சி தேத்தண்ணிக் கடைக்காரரின்ர கொப்பி. "இடி. 40, இடி. 40" எண்டு நாளுக்கு நாள் எழுதி, மார்கழி 8க்குப் பிறகு வெறும் கோடு. அந்தக் கோடுகளைப் பார்க்கேக்கதான் எனக்கு நெஞ்சு அடைச்சது.

இன்னொண்டு. கேக்கிற தொகை ஒரு எல்லைக்குக் கீழ எண்டால் முதல் ரெண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்க்கிற இணக்க சபைக்குப் போகவேணும், சரிவரேல்லை எண்டு அவை தாற சான்றிதழ் இல்லாமல் கோடு எடுக்காது. அதைக் கேவலமா நினையாதேங்கோ. சொந்தக்காரக் கடையெண்டால் அதுதான் நல்ல இடமும். வசதி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கோ.

27.11.2024

மூண்டு நாளா மழை. உயர்தரப் பரீட்சையையும் நிப்பாட்டிட்டாங்கள். வேலையில்லை, கரண்டும் வாறதும் போறதும். இண்டைக்கு வன்னியில வழுக்காத இடம் எண்டால் கூரை மட்டும்தான்.

30.11.2024

ஸ்காபரோவில இருந்து ஒருவர் "எங்கட பக்கமும் நினைக்கிற மாதிரி லேசில்லை" எண்டு எழுதியிருக்கிறார். ஒன்ராறியோவிலயும் ரெண்டு வருசம்தானாம். பனியில வழுக்கினால் 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்கவேணும், மாநகரசபையின்ர நடைபாதையெண்டால் 10 நாள். மச்சானுக்குக் காட்டுங்கோ.

சட்டத்தரணி ஒரு இங்கிலாந்து வழக்குச் சொன்னவர். 1974, லிவர்பூல், ரெஸ்கோ சுப்பர்மாக்கற். ஒரு அம்மா றோஸ் நிறத் தயிரில வழுக்கி விழுந்தவ. தயிர் எவ்வளவு நேரம் கிடந்ததெண்டு அவவுக்குக் காட்டேலாது. ஒரு நாளைக்கு ஐஞ்சாறு தரம் கூட்டுறம் எண்டது கடை. மூண்டு கிழமை கழிச்சு அதே அம்மா அதே கடையில தோடம்பழச்சாறு சிந்திக் கால் மணித்தியாலம் ஆரும் துடைக்காமல் கிடந்ததைப் பார்த்தவ, அதையும் சாட்சியில சொன்னவ. 1976இல மேல்கோடு அவவின்ர பக்கம். கவனமா நடத்திற கடையில இது வழமையா நடக்காது, நடந்தால் கடைதான் விளக்கம் சொல்லவேணும் எண்டு. மூண்டு நீதிபதியில ஒருவர் ஒத்துக்கொள்ளேல்லை. கிடைச்சது 137 பவுண் 50 பென்ஸ். அந்தக் காசுக்கு மேல்கோடு மட்டும் போன கடைக்காரனை நினைச்சால்தான் சிரிப்பு. இஞ்ச அந்தத் தீர்ப்பு கட்டாயமில்லை, காட்டி வாதாடலாம்.

தங்கச்சி, பிறகு திரும்பிப் போய் அந்த வாசலை ஒருக்கால் பார்த்தனீங்களோ?

01.12.2024

கடைக்காரர் ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தவராம். வாங்கலாமோ எண்டு கேள்வி. வாங்குங்கோ. நோயாளியைப் பார்க்க வாற ஆள் வெறுங்கையோடயே வாறது? அது குற்றத்தை ஒப்புக்கொண்டதும் இல்லை, நீங்கள் வழக்கை விட்டதும் இல்லை. கடுதாசியில கையெழுத்து மட்டும் வைக்காதேங்கோ.

04.12.2024

மாமியின்ர ரெண்டு வருசம் வாற ஞாயிறோட முடியுது. ஞாயிறு கோடு இல்லை. திங்களை நம்பி இருக்காமல் வெள்ளியையே கடைசியா வைச்சிருக்கிறம். கோரிக்கைக் கடிதம் அனுப்பி வைச்சால் அந்தக் கெடு நிக்கும் எண்டு நானும் கொஞ்சநாள் நம்பினனான். நிக்காது.

இண்டைக்குப் பின்னேரம் போய்க் கேட்டன். "மாமி, கார்ட்டில கிணத்தடி எண்டு இருந்தாலும் கடைப்பெடியன் சாட்சி சொல்லுவன் எண்டுறான். கடைசியாக் கேக்கிறன், போடுவமோ?"

அவ மாவை வறுத்துக்கொண்டிருந்தவ. தலை நிமிரேல்லை. "உன்ர பேரும் வருமெல்லே?" எண்டா.

"வரலாம்."

"அண்டைக்கு ஆசுப்பத்திரியில என்ர பக்கத்தில ஆர் நிண்டது?"

நான்தான் நிண்டது. கிணத்தடி எண்டு அவ சொல்லேக்கயும் நான் வாயே திறக்கேல்லை. 12ஆம் திகதி நான் எழுதினதில வெக்கம் எண்ட பகுதியைப் பாதியா வெட்டுங்கோ. சீலையை இழுத்து விட்டது வெக்கம். கிணத்தடி வெக்கமில்லை.

06.12.2024, வெள்ளி

4 மணி கடந்திட்டுது. போடேல்லை.

06.12.2024, இரவு

"அப்ப தங்கச்சிக்குப் போடச் சொல்லி உசுப்பேத்திப்போட்டு நீர் விட்டிட்டீர்" எண்டு ஒருவர். நியாயம். ஆனால் அவவின்ர அம்மாவின்ர கார்ட்டில உண்மை எழுதியிருக்கு. அந்த நிலம் நான் பதிச்சதும் இல்லை, போய்ப் பார்த்திட்டுத்தான் சொல்லுறன்.

09.12.2024

தங்கச்சியின்ர செய்தி: கமெராப் பதிவைக் கடைக்காரர் ஒரு பென் டிரைவில ஏத்தித் தந்திட்டார். பதிவுத்தபால் வேலை செய்திருக்கு. அம்மா வாக்கரோட முற்றம் மட்டும் வாறாவாம். இணக்க சபைக்குப் போறதோ நேர வழக்கோ எண்டதைக் கணக்குப் பார்த்துச் சட்டத்தரணி சொல்லுவார்.

என்ர பக்கம். 2017 முதலாளியிட்ட நேற்றுப் போனன். முழுக்கச் சொன்னன், வெள்ளிக்கிழமை மட்டும் என்ன நடந்ததெண்டும். கனநேரம் கதைக்கேல்லை. பிறகு அளவுநாடாவை எடுத்துத் தந்தார். வாசல் அகலம் 11 அடி 4 அங்குலம், உள்ளுக்கு 9 அடி. ஐஸ்கிறீம் பெட்டி மட்டும் வரும். ஆர்11 இஞ்ச ஒருத்தரிட்டயும் இல்லை, கொழும்பில இருந்து வரவேணும், நிறம் துண்டு வைச்ச மாதிரித்தான் இருக்கும். பரவாயில்லை எண்டார்.

கூலி வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். மாமிக்குச் சொல்ல அவவுக்குக் கோபம் வந்திட்டுது. "விசரா, வாங்கு. எனக்குக் கை நோகாமல் பிழியிற மாதிரி ஒரு உரல் வேணும். கடையில கைபிடி வைச்சது ஒண்டு கிடக்கு, பார்த்து வைச்சிருக்கிறன்."